சர்க்கரையும் சஞ்சலமும்

எங்கள் தெருவில் மார்கழி பிறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை. எதிர்வீட்டு மாமியின் வாசலைப் பார்த்தால் போதும். விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் வாசல் தெளித்தாகிவிடும். ஐந்து மணிக்குள், 19 புள்ளி, ஊடு புள்ளி 10 வரை என்று தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கோலம் மலர்ந்திருக்கும். பால் பாக்கெட் போடுகிற பையன்கூட சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டுதான் போவான். "மாமி கோலத்து மேலே சக்கரத்தை ஏத்தினால் அன்னிக்கு ஒரு பாக்கெட்டாவது உடையும்" என்பது அவனுடைய சித்தாந்தம்!

போன வருஷம் மார்கழி முதல் தேதியன்று அந்த வாசல் வெறிச்சென்று கிடந்தது. இரண்டாம் தேதியும் அப்படியே. "ஊரில் இல்லை போலிருக்கிறது" என்று நினைத்தேன். ஆனால் மாமா மட்டும் வழக்கம்போல வராந்தாவில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வற்றல் குழம்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"வாம்மா. மாமியா? உள்ளேதான் இருக்கா. உடம்புக்கு ஒண்ணுமில்லே, சோம்பல்! சர்க்கரை வந்தாலும் வந்தது, அதையே சாக்கா வெச்சுண்டு நாளெல்லாம் படுக்கைதான்" என்றார் மாமா.

மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்ன மாமி, கோலத்தையே காணோமே?"

"யாரு பார்க்கப் போறா?"

நாலு வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது இந்த மாமி எப்படிச் சிரித்தாள் தெரியுமா? "நாற்பது வருஷமா அவருக்கு ஒரு டம்ளர் காப்பிக்கு மூணு ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். வியாதி பாரேன், எனக்கு வந்திருக்கு!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். இப்போது மேஜைமேல் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியின்மேல் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி.

"மாத்திரை சாப்பிடறதில்லையா, மாமி?"

"சாப்பிட்டு என்ன ஆகப் போறது? சர்க்கரை ஏறியிருக்குன்னு டாக்டர் திட்டறார். மாத்திரை சாப்பிடலேன்னு மாமா திட்டறார். நடக்கலேன்னு பிள்ளை ஃபோனிலே திட்டறான். எல்லாரும் திட்டி முடிச்சப்புறம் நானே என்னைத் திட்டிக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ராத்திரி படுத்தா, காலையிலே கண்ணைத் திறக்காமலே போயிட்டா தேவலைன்னு இருக்கு, போ."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "அசட்டுத்தனமாப் பேசாதேங்கோ மாமி. மனசைத் திடப்படுத்திக்கோங்கோ. கோவிலுக்குப் போயிட்டு வாங்கோ, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அதாவது, திட்டுகிறவர்களின் பட்டியலில் நாலாவதாக நானும் சேர்ந்துகொண்டேன்!

இரண்டு கேள்விகள்

தை பிறந்து பத்து நாளிருக்கும். மாமி குளியலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். மாமாவும் நானும் ஆட்டோவில் ஏற்றி, சர்க்கரை வைத்தியத்துக்கென்றே இருக்கும் வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "இன்னொரு திட்டு காத்திருக்கிறது" என்று மாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் வந்தது டாக்டர் அல்ல. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே அங்கே அமர்த்தப்பட்டவள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாவகாசமாக இரண்டே கேள்விகள் கேட்டாள்.

"அம்மா, போன ரெண்டு வாரமா எதிலேயும் நாட்டமில்லாம, எதைச் செய்தாலும் சந்தோஷமில்லாம இருக்கா? மனசு சோர்ந்து, நம்பிக்கையே போயிட்ட மாதிரி இருக்கா? சில நாளா, பாதி நாளைக்கு மேலேயா, இல்லே தினமுமேவா?"

முதல் கேள்விக்கு மாமி "தினமும்" என்றாள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணிய மாமா திகைத்துப் போய், "இவள் அழுது நான் பார்த்ததே இல்லையே!" என்றார்.

அதன் பிறகு அந்தப் பெண், தூக்கம், பசி, களைப்பு, கவனம் என்று இன்னும் சில கேள்விகள் கேட்டாள். மொத்தம் 9 கேள்விகள் கொண்ட அந்தப் பட்டியல் இன்று உலகமெங்கும் வைத்தியர்கள் கையாள்வது. மதிப்பெண் 0-லிருந்து 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டியது. கடைசிக் கேள்வி, செத்துப் போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதை அவள் வெகு சகஜமாக, காப்பி சாப்பிட்டாகிவிட்டதா என்று கேட்பதுபோல் கேட்டாள். மாமியும் மறைக்காமல் சொன்னாள்.

"அம்மாவுக்குச் சர்க்கரை மட்டும் இல்லே, மனச்சோர்வும் இருக்கு. ரெண்டுமே வியாதி. ரெண்டுக்கும் வைத்தியம் உண்டு" என்றாள் அந்தப் பெண்.

"அப்போ... இது சோம்பல் இல்லையா?" என்று கேட்டார் மாமா. அந்தக் குரலில் இருந்த குற்ற உணர்ச்சியை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது.

எது முன்னே, எது பின்னே?

சர்க்கரை வியாதியால் மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வால் சர்க்கரை ஏறியதா? "இரண்டும்தான்" என்கிறார்கள் வைத்தியர்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை வியாதி வருவதும் மற்றவர்களைக் காட்டிலும் அதிகம். பாதை ஒன்று, போக்குவரத்து இரண்டு பக்கமும்!

இதை ஊகித்த முதல் மனிதர்களில் ஒருவர், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த டாக்டர் தாமஸ் வில்லிஸ். இந்த நோயாளிகளின் சிறுநீர் தேன்போல் இனிக்கிறது என்று ஐரோப்பியர்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். (நம் பண்டைய வைத்தியர்கள் அதற்கு வெகு காலம் முன்பே 'மதுமேகம்' என்று பேர் சூட்டிவிட்டார்கள், அது வேறு விஷயம்.) வில்லிஸ் இன்னொன்றும் எழுதினார்: நீடித்த துக்கத்தினால் இந்த நோய் வருகிறது என்று. முழு உண்மை அதுவல்ல. ஆனால் முழுப் பொய்யும் அல்ல.

எப்படி என்று பார்க்கலாம். நம் இரண்டு மூத்திரக் காய்களின்மேலும் தொப்பி வைத்ததுபோல் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. கவலை, பயம், துக்கம் வரும்போது அது 'கார்ட்டிசால்' என்ற ரசத்தை அதிகமாகச் சுரக்கிறது. அந்த ரசத்தின் வேலைகளில் ஒன்று, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது. புலி துரத்தினால் ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமல்லவா? ஆனால் புலி துரத்துவது ஐந்து நிமிஷம். மனச்சோர்வு துரத்துவதோ மாதக்கணக்கில்!

இன்னொரு வழியும் உண்டு. கடுமையான காய்ச்சல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம், விளக்கை அணை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோம். கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் சில ரசாயனங்கள் மூளைக்குப் போய், "இப்போது ஓய்வெடு" என்று உத்தரவு போடுவதால் வருவது அது. நாள்பட்ட வியாதிகளில் இதே ரசாயனங்கள், அடுப்பில் நீறு பூத்த நெருப்பைப்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனன்றுகொண்டே இருக்கின்றன. இந்த வகை ரசாயனங்களில் ஒன்றான 'இன்டர்ஃபெரான்' ஊசியை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-சி நோய்க்கு மருந்தாகப் பல வருஷங்கள் கொடுத்து வந்தார்கள். அதுவரை மனக்கஷ்டமே அறியாத சிலருக்குக்கூட அந்த ஊசியால் மனச்சோர்வு வந்தது. துக்கப்படக் காரணம் எதுவும் புதிதாக ஏற்படவில்லை. ஊசி ஏற்றிய மருந்துதான் காரணம்!

இவற்றோடு அன்றாடத் தொல்லைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருப்பதால் தூக்கம் கெடுகிறது. பாதத்தில் எரிச்சல். கல்யாண வீட்டில் எல்லோரும் ஜாங்கிரி சாப்பிடும்போது தன் இலையை மட்டும் பத்துப் பேர் உற்றுப் பார்க்கும் அவமானம். வாழ்நாள் முழுவதும் விடுமுறையே இல்லாத உத்தியோகம் இந்த வியாதி. மனசு சோர்ந்தால் மாத்திரையில் அசிரத்தை, மாத்திரை தவறினால் சர்க்கரை ஏற்றம், ஏறினால் திட்டு, திட்டினால் இன்னும் சோர்வு. செக்குமாட்டுக்குக்கூட மாலையில் அவிழ்த்துவிடும் நேரம் ஒன்று உண்டு. இந்தச் சுற்றுக்கு அதுவும் இல்லை.

இது சர்க்கரை வியாதியோடு மட்டும் போகிற விஷயமல்ல. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. 1993-ல் கனடாவின் மான்ட்ரீல் நகரத்து இருதய ஆஸ்பத்திரியில் மாரடைப்பிலிருந்து மீண்ட 222 பேரைக் கவனித்த ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. மனச்சோர்வோடு வீடு திரும்பியவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. "பிழைத்து வந்ததே பெரிசு, அழுமூஞ்சியாக இருந்தால் என்ன?" என்று அலட்சியமாக இருக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்னைக் கணக்கு

"இதெல்லாம் சீமை வியாதி, நமக்கேது?" என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1954-ல் ராயபுரத்தில் சர்க்கரை வியாதிக்கென்றே ஆஸ்பத்திரி தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். அவருடைய புதல்வர் டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சி நிலையத்தார் சென்னை நகரத்தில் வீடு வீடாகச் சென்று 25,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, 2009-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் 100-க்கு 15 பேரிடம் இருந்தன. ஆண்களைவிடப் பெண்களிடம் சற்று அதிகம். வருமானம் குறைந்தவர்களிடையே 100-க்கு 19. வசதியுள்ளவர்களிடையே 100-க்கு 6. கணவனையோ மனைவியையோ இழந்தவர்களிடமும், விவாகரத்து ஆனவர்களிடமும் கூடுதல்.

இதே நிலையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய மற்றொரு கணக்கெடுப்பு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை வாசல்கள் கோலமில்லாமல் கிடக்கும்!

ஆஸ்பத்திரியில் நடனம்

உடம்பும் மனசும் எவ்வளவு நெருங்கிய சம்பந்திகள் என்பதை வைத்திய உலகம் ஒரு வேடிக்கையான சம்பவத்தில் கற்றுக்கொண்டது. நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் 'ஸீ வியூ' என்ற க்ஷயரோக ஆஸ்பத்திரி இருந்தது. 1952-ல் அங்கே சில புது மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று 'ஐப்ரோனியாசிட்'. இருமி இருமி எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள், வார்டிலேயே நடனம் ஆடினார்கள்! பத்திரிகைகளில் படங்கள் வந்தன.

நுரையீரலுக்கென்று கொடுத்த மருந்து மனசை ஏன் தூக்கி நிறுத்தியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான், 1957-க்குள், மனச்சோர்வுக்கு மருந்து உண்டு என்ற உண்மையே வெளிப்பட்டது. அந்த ஆதி மருந்து கல்லீரலைக் கெடுத்ததால் பிற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் அது திறந்துவிட்ட கதவு மூடப்படவில்லை.

நம் பாஷைக்கு இது புதிய சேதியல்ல. "கால் நோகிறது" என்கிறோம். "மனம் நொந்தேன்" என்கிறோம். இரண்டுக்கும் சொல் ஒன்றே. 'நோய்' என்ற வார்த்தையும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழ் பேசிய நம் பாட்டிகள் உடம்புக்கு ஒரு கணக்கு, மனசுக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளவில்லை. பிரித்தது நாம்தான்.

முதலில் ரத்தப் பரிசோதனை

மனச்சோர்வு என்று தெரிந்தவுடன் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிவிடவில்லை. முதலில் தைராய்டு, ரத்தசோகை, பி-12 ஆகியவற்றுக்குப் பரிசோதனை எழுதினார். இது சகோதரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமானால் உடம்பு பெருக்கும், முடி கொட்டும், மலச்சிக்கல் வரும், எல்லோருக்கும் வியர்க்கும்போது தனக்கு மட்டும் குளிரும். கூடவே எதிலும் உற்சாகம் இராது. பேச்சும் யோசனையும் மெதுவாகிவிடும். பெண்களுக்குத்தான் இது மிக அதிகம். 1949-ல் ரிச்சர்டு ஆஷர் என்ற ஆங்கில டாக்டர், சித்தம் கலங்கியவர்கள் என்று கருதப்பட்ட 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு இருந்தது தைராய்டு குறைவு! அந்தச் சுரப்பியின் சத்தைக் கொடுத்ததும் பெரும்பாலோர் தெளிந்தார்கள். ஒரு சிறு ரத்தப் பரிசோதனையில் இன்று கண்டுபிடித்துவிடலாம்.

ரத்தசோகை இன்னொன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு அது இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவளைப் பார்த்து "எதற்கெடுத்தாலும் அலுத்துக்கொள்கிறாள்" என்று சொல்வது சுலபம். அவள் ரத்தத்தைப் பார்ப்பதல்லவா நியாயம்?

பி-12 வைட்டமின் மாமிச உணவில்தான் தாராளமாக உண்டு. சைவர்களுக்குப் பாலும் தயிருமே கதி. சர்க்கரைக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் 'மெட்ஃபார்மின்' மாத்திரையும் பல வருஷம் சாப்பிட்டால் அந்த வைட்டமினைக் குறைக்கக்கூடும். எங்கள் மாமி பிறவிச் சைவம். நாலு வருஷமாக அதே மாத்திரை. ஆகவே பி-12 குறைந்திருந்ததில் ஆச்சரியமில்லை. ஊசி போட்டார்கள். "இதுவும் ஒரு காரணம், ஆனால் இது மட்டுமே காரணமல்ல" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்காக யாரும் தாமாகவே சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், அவ்வளவே.

சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் கை நடுங்கும், வியர்க்கும், சம்பந்தமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வரும். அது குணக்கோளாறு அல்ல. உடனே சர்க்கரையோ பழரசமோ கொடுக்க வேண்டிய சமயம்.

இரண்டுக்கும் ஒரே கை

மனச்சோர்வுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர் என்று நோயாளியை அலைய விடாமல், ஒரே இடத்தில் இரண்டையும் கவனித்தால் என்ன? இதைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. 2020-ல் அதன் முடிவு வெளியாயிற்று. சென்னை, பெங்களூர், விசாகப்பட்டினம், டில்லி ஆகிய ஊர்களில் நாலு வைத்தியசாலைகள். சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்து வாட்டிய 404 பேர். ஒரு பாதியினருக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதியினருக்கு, எங்கள் மாமியைச் சந்தித்த பெண்ணைப்போல ஒருவர் துணை. அவர் டாக்டர் அல்ல. நோயாளியோடு பேசுவார், மாத்திரையை ஞாபகப்படுத்துவார், எண்களைக் குறித்துவைத்துப் பெரிய டாக்டர்களிடம் கலந்துகொள்வார். இந்த ஏற்பாடு 12 மாதம்.

24 மாதம் கழித்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு பாதியாகவாவது குறைந்து, அதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது இறங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. துணை கிடைத்தவர்களில் 100-க்கு 72 பேர் தேறியிருந்தார்கள். மற்றவர்களில் 57 பேர். கவனியுங்கள்: துணை நின்றது ஒரு வருஷம்தான், பலன் அடுத்த வருஷமும் நிலைத்திருந்தது.

துணையாக வருகிறவர் என்ன பேசுவார்? உபதேசமா? இல்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த மற்றொரு ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. அங்கே பேசியவர்கள் மனோதத்துவ நிபுணர்கள் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அவர்கள் கையாண்ட முறை வெகு எளிது. நாம் என்ன நினைக்கிறோம்? "மனசு சரியானால் வேலை செய்யலாம்" என்று. அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். முன்பு பிடித்திருந்த ஒரு காரியத்தை, மனசு வராவிட்டாலும், மிகச் சிறிய அளவில் செய்யச் சொன்னார்கள். செய்யச் செய்ய மனசு பின்னாலேயே வந்து சேரும். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் பலருக்குக் குணம் தெரிந்தது.

எங்கள் மாமியிடமும் அந்தப் பெண் கேட்டாள்: "முன்னெல்லாம் உங்களுக்கு எது பிடிக்கும்மா?"

"கோலம் போடுவேன். இப்போ பத்தொம்பது புள்ளியை நினைச்சாலே மலைப்பா இருக்கு."

"பத்தொம்பது யார் கேட்டா? மூணு புள்ளி போதும். அடுத்த வாரம் வரும்போது ஃபோட்டோ காட்டுங்க."

பேச்சோடு மாத்திரையும் கொடுத்தார்கள். மனச்சோர்வு மாத்திரையைப் பற்றி வீடுகளில் இருக்கும் பயத்தைக் கொஞ்சம் போக்க வேண்டும். இது தூக்க மாத்திரை அல்ல. போதை வஸ்துவும் அல்ல. தலைவலி மாத்திரைபோல் அரை மணியில் கேட்காது. இரண்டு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். தேறிவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவற்றில் சில எடையைக் கூட்டும். ஆகையால், எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

நாள்பட்ட நோயாளி உள்ள வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? மூன்றே சொல்கிறேன்.

முதலாவது, திட்டுவதை நிறுத்துவது. "மனசைத் திடப்படுத்திக்கொள்" என்பதும் திட்டுதான். நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. கால் முறிந்தவனை "காலைத் திடப்படுத்திக்கொண்டு ஓடு" என்று சொல்வோமா? "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய உதவி.

இரண்டாவது, கூடப் போவது. ஆஸ்பத்திரிக்கும் சரி, மாலை நேர நடைக்கும் சரி. நடை ஒன்றுதான் சர்க்கரையையும் சோர்வையும் சேர்த்து இறக்குகிற இலவச மருந்து. ஆனால் "போய் நட" என்றால் நோயாளி நடக்கமாட்டாள். "வா, நடப்போம்" என்றால் ஒருவேளை செருப்பை மாட்டிக்கொள்வாள்.

மூன்றாவது மிக முக்கியம். "இருந்து என்ன பிரயோசனம்", "கண்ணைத் திறக்காமலே போய்விட்டால் தேவலை" என்ற பேச்சு வந்தால் அதை வயசான பேச்சு, வாய்ப்பேச்சு என்று தள்ளாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் பிறக்கும். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ராத்திரி வேளையானால் 14416 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யலாம். 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது; இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மூன்று புள்ளி

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோலம். மூன்று புள்ளி. பக்கத்தில் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். மாமி செல்ஃபோனில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரியாகிவிட்டது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நிஜம் அப்படியில்லை. பங்குனியில் ஒரு வாரம் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அந்தப் பெண் ஃபோன் செய்தாள், மாமா திட்டவில்லை, எட்டாம் நாள் எழுந்தாள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஆனால் டாக்டர் கேட்ட அளவுக்கு இன்னும் வரவில்லை. மாத்திரை அட்டைகள் தினமும் பிரிகின்றன. மாமா தன் காப்பிக்கு ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டார். "இவளுக்குத் துணையா இருக்கட்டும்" என்கிறார்.

இந்த வருஷம் மார்கழி பிறந்தது. நாலரை மணிக்கு வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டுப் போர்வையை உதறிவிட்டு எழுந்து போனேன். 19 இல்லை, 11 புள்ளி, ஊடு புள்ளி 6 வரை. ஓரத்தில் ஒரு புள்ளி தப்பி, கோடு கொஞ்சம் கோணியிருந்தது.

"கண்ணு மங்கலா இருக்குடி. சர்க்கரைக்காராளெல்லாம் வருஷா வருஷம் கண்ணைக் காட்டணுமாம். வர்ற வெள்ளிக்கிழமை நீயும் கூட வரயா?" என்றாள் மாமி.

"வரேன், மாமி" என்றேன்.

அப்போது பால் பாக்கெட் பையன் தெருமுனையில் திரும்பினான். வாசலைப் பார்த்தான். சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போனான்.